கட்டாயப் படைச் சேர்ப்பு போரைத் தடுக்குமா?
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வயது வந்த இளைஞர் அனைவரின் பெயரையும் பதிந்து வைத்து, வேண்டும்போது படைக்கு அழைக்கும் சட்டம் போரைத் தடுக்குமா, வளர்க்குமா என்னும் வினா எனக்குத் தரப்பட்டுள்ளது. மின்னி பே குடியிருப்பில் இது வெறும் ஏட்டு வினா அன்று. படைப்பணி புரிவோரின் இல்லத்தாரும் அவர்களுக்கு அண்டை அயலாரும் இவ்வவையில் கலந்து அமர்ந்திருக்கின்றீர்கள். நம் நாட்டில் படையில் சேர்வோர் தாமே முன்வந்து சேர்கின்றனர். எனினும், கட்டாயச் சட்டம் வந்தால் நன்று என்று கருதும் நல்லோரும் நம்மிடையே உளர். அவர்கள் கூற்றை முதலில் கேட்போம்.

அமைச்சர் மகனும், வணிகர் மகனும், கூலியாள் மகனும் ஒரே பட்டியலில் இருப்பின், போர்முரசு கொட்டுமுன் ஆள்வோர் பலமுறை எண்ணுவர் என்பது அவர்கள் வாதம். பிறர் பிள்ளை போகும் போருக்குக் கைதட்டுதல் எளிது. தன் பிள்ளையை அனுப்புதல் அரிது. இவ்வாதத்தில் உண்மை உண்டு. சிங்கப்பூர் 1967ஆம் ஆண்டு கட்டாயப் படைப்பணியைக் கொண்டுவந்தது. அங்குள்ள தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் சீனர், மலாய்க்காரர் பிள்ளைகளோடு தோளொட்டி நின்று அப்பணியை ஆற்றுகின்றனர். அந்நாடு அண்டை நாட்டார் எவரோடும் போர் தொடுத்ததில்லை.

ஆயினும், ஒரு சான்றைக் கொண்டு வழக்கை முடித்துவிடலாகாது. பிரெஞ்சு நாட்டில் 1793ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள், புரட்சியைக் காக்க வேண்டி, 18 முதல் 25 வயது வரையுள்ள மணமாகாத ஆடவரை முதலில் படைக்கு அழைத்தனர். 1798இல் அது நிலையான சட்டமாயிற்று. அடுத்த ஆண்டே ஆட்சி நெப்போலியன் கைக்கு வந்தது. தாய்நாட்டைக் காக்கத் தோன்றிய ஏற்பாடு, பிறர் நாட்டைப் பிடிக்கும் கருவியாயிற்று. 1812இல் அவன் உருசியாவின்மீது நடத்திச் சென்ற பெரும்படையில் மீண்டோர் சிலரே. பட்டியல் எழுதியவர் ஒருவர். அதனைப் பயன்படுத்தியவர் வேறொருவர். இதனை மறத்தலாகாது.

அமெரிக்காவின் கதை இன்னும் தெளிவானது. வியட்நாம் போரை விரிவாக்க 1965 ஜூலையில் முடிவு செய்த அதிபர் ஜான்சன், சேமப்படையினரை அழைக்கவில்லை. அழைத்திருந்தால் நாடெங்கும் கேள்வி எழுந்திருக்கும். மாதம் 17,000 பேர் என்றிருந்த கட்டாய அழைப்பை 35,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தார். பட்டியல் ஆயத்தமாய் இருந்தது, ஆட்கள் வந்தனர். கல்லூரியில் பயில்வோர் விலக்குப் பெற்றனர். ஏழை மக்கள் களம் சென்றனர். எதிர்ப்பு எழுந்தது உண்மையே. அது முற்றுவதற்குள் உயிர்கள் பல மாய்ந்தன. கட்டாய அழைப்பு 1973இல் நின்றது. பெயர்ப் பதிவு 1975இல் நிறுத்தப்பட்டு, 1980இல் மீண்டும் வந்தது. தடைக்கல் என்று எண்ணிய பட்டியல் தொடக்கத்தில் படிக்கல்லாய் நின்றது. தடையானது மிகப் பின்னரே.

அப்படியாயின், விரும்பிச் சேரும் படை போரை ஒழித்துவிடுமோ? அதுவும் இல்லை. கட்டாயமின்றிச் சேர்ந்த படையைக் கொண்டே அமெரிக்கா ஆப்கானிஸ்தானத்தில் 2001 முதல் 2021 வரை போரிட்டது. இரண்டாம் உலகப் போரில் 25 இலட்சம் இந்தியர் கட்டாயமின்றியே படையில் சேர்ந்தனர். ஆனால் 1939இல் இந்தியாவைப் போரில் இழுத்துவிட்ட வைசிராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர் எவரையும் கேட்கவில்லை.

நாம் நிற்கும் இம்மண்ணும் சான்று பகரும். 1942 மார்ச் 23ஆம் நாள் சப்பானியர் போர்ட் பிளேரைக் கைப்பற்றினர். விமானத் தளமும் அரண்களும் அமைக்கத் தீவு மக்களைக் கட்டாயமாக வேலை வாங்கினர். கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் நாம் காணும் பதுங்கு குழிகள் அக்காலத்தின் எச்சமே. அதே போரில், மலேயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைப் பிடித்துச் சென்று, சயாம் பர்மா இடையே 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை இடச் செய்தனர். காட்டுக் காய்ச்சலிலும் பசியிலும் எண்ணற்றோர் மாண்டனர். துப்பாக்கி ஏந்தச் சொல்லவில்லை என்பதே வேற்றுமை. போரை நீட்டிக்க மனித உடலைக் கணக்கெடுத்தது ஒன்றே.

அண்மைக் காலத் துயரையும் சொல்லாமல் விடலாகாது. ஈழப் போரின் இறுதி ஆண்டுகளில், விடுதலைப் புலிகள் வன்னியில் வீட்டுக்கு ஒருவரைக் கட்டாயமாகக் கொண்டு சென்றனர். சிறாரும் அதற்குத் தப்பவில்லை. இலங்கை அரசோ கட்டாயச் சட்டமின்றியே பெரும்படை திரட்டிற்று. இரு முறையும் போரைத் தடுக்கவில்லை. 2009 மே வரை அது நீண்டது.

இவற்றால் அறியத்தக்கது யாது? பட்டியல் தானாகப் போரைத் தடுப்பதுமில்லை, மூட்டுவதுமில்லை. பட்டியலில் உள்ளோர்க்குப் போர் குறித்து முன்னரே கேள்வி கேட்கும் உரிமை இருந்து, சுமையும் விலக்கின்றி எல்லோர்மீதும் ஒப்ப விழுமாயின், அது ஆள்வோர் கையைச் சற்றே தடுக்கும். அவ்வுரிமை இன்றேல், அது ஆள்வோர்க்குக் கிடைத்த நிரம்பிய களஞ்சியமே ஆகும்.

நம் அரசியலமைப்பு இதனை உணர்ந்தே செய்யப்பட்டது. அதன் 23ஆம் உறுப்பு கட்டாய உழைப்பைத் தடுக்கின்றது. பொதுநலத்துக்காக அரசு கட்டாயப் பணி விதிக்கலாம் என்று இடமளிக்கும்போதும், சமயம், இனம், சாதி, வகுப்பு ஆகியவற்றால் வேற்றுமை காட்டலாகாது என்று வரம்பு கட்டுகின்றது. சீனப் போருக்குப் பின் 1963இல் கல்லூரிகளில் கட்டாயமாக்கிய தேசிய மாணவர் படையை, 1968இல் மீண்டும் விருப்பத்துக்கு விட்டனர்.

ஒக்கூர் மாசாத்தியார் பாடிய மறக்குடித் தாய், உற்றாரைக் களத்தில் இழந்த பின்னும் தன் ஒரே மகனைப் போருக்கு அனுப்பினாள். அவள் வீரத்தைப் போற்றுவோம். ஆயின், அவளே மனமுவந்து அனுப்பினாள் என்பதையும் மறவாதிருப்போம். தாயின் துணிவை அரசாணை தன் உடைமையாக்கிக் கொள்ளலாகாது.

ஆதலின் அன்பர்களே, அமைதியை விரும்புவோர் கேட்க வேண்டுவது கட்டாயப் பட்டியலை அன்று. படை புறப்படுமுன் மக்கள் மன்றத்தில் ஏன், எதற்கு, எதுவரை என்று விடை கூறுமாறு கேட்போம். அவ்விடையைப் பெறுதல், சீருடை அணிந்து நம்மிடையே வாழும் பிள்ளைகளுக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு ஆகும்.