செப்பேடு புகட்டும் பாடம்



நம் மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த யூதப் பள்ளிக்கு உரியது, சேரமன்னன் பாஸ்கர இரவிவர்மன் யோசேப்பு ரப்பானுக்கு வழங்கிய வட்டெழுத்துச் செப்பேடு. 72 உரிமைகளை அளிக்கும் அச்சாசனத்தைக் கி.பி. நான்காம் நூற்றாண்டினதென மரபு கூறிற்று. எழுத்தின் வடிவும் ஆட்சியாண்டும் நோக்கி, அது ஏறத்தாழக் கி.பி. 1000-ஐச் சார்ந்ததென விளக்கினார் எம்.ஜி.எஸ். நாராயணன் (1932–2025). தமக்கு முன்னோடியான இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை வகுத்த சேரர் வரலாற்றையும் அவர் சான்று கொண்டே திருத்தினார்.

பழைமை குறைந்ததால் பெருமை குறைந்ததோ? இல்லை. கடல் கடந்து வந்தோரை உரிமை தந்து வாழவைத்த நாடு இஃது என்னும் உண்மை உறுதிப்பட்டது. பிழைப்பு நாடி ஈண்டுக் குடியேறிய நமக்கு இதனினும் உவப்பான செய்தி யாதுளது?

ஆகவே, ஆண்டுகளை மனனம் செய்விப்பதோடு நில்லாமல், "இதற்குச் சான்று யாது?" என்று வினவவும் நம் மக்களைப் பழக்குவோம், நம் பெருமையைப் பேசுமிடத்தும் அவ்வினாவுக்கு அஞ்சாதிருப்போம்.