நீலத்துக்குத் துணைநின்ற தகரை
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாயச் செடிகள் என்றதும் நிறம் தரும் செடிகளே நினைவுக்கு வருகின்றன. சாயவேர் செம்மையைத் தரும். அவுரி நீலத்தைத் தரும். தன் நிறத்தைத் தராமல், பிறிதொரு செடியின் நிறம் துணியில் தங்கத் துணைநின்ற செடியும் ஒன்று உண்டு. அதுவே தகரை.

மழை பெய்தபின் சாலையோரத்திலும் தரிசிலும் தானே முளைத்து மஞ்சள் பூக்கும் இச்செடி ஆவிரைக்கு உறவினது. மடலேறும் தலைவன் சூடிய பூவாகச் சங்கப் பாடல்களில் ஆவிரை இடம்பெற்றது. தகரைக்கு வாய்த்த இடமோ சாயக்காரரின் சால்.

அவுரி நீலம் நீரில் கரையாது; கரையாதது நூலில் ஏறாது. ஆகவே, தகரை விதையை வேகவைத்து, அவுரி நீலமும் சுண்ணாம்பும் சேர்ந்த சாலில் இட்டுப் புளிக்கவிடுவர். அப்புளிப்பில் பெருகும் நுண்ணுயிர்கள் நீலத்தை அதன் நிறம் நீக்கிக் கரையச் செய்கின்றன. சாலின் பக்குவத்தை மணத்தாலும் நுரையாலும் கண்டறிவர். தோய்த்தெடுத்த நூல் முதலில் மஞ்சள் கலந்த பச்சையாகத் தோன்றும். காற்றுப் பட்டதும் கண்முன்னே நீலமாகும். தகரையின் நிறம் அதில் இல்லை. அதன் உழைப்பு உண்டு.

1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. அவுரிப் பயிர் சுருங்கியது. நீலத்தைக் கரைக்க ஹைட்ரோசல்பைட் என்னும் உப்பு வந்தது. பல நாள் புளிப்பு சில நாழிகை வேலையாயிற்று. தகரை விதைக்குச் சாலில் இடமில்லாது போயிற்று. இயற்கைச் சாயம் தோய்ப்போர் சிலரே இன்றும் அதனைப் பயன்படுத்துகின்றனர்.

செடி அழியவில்லை, தரிசெங்கும் பூக்கிறது. அருகி வருவது அதன் பயனை அறிந்த அறிவே. விதையின் அளவு, புளிப்பின் நாள்கணக்கு, சாலின் பக்குவநிலைகளுக்குச் சாயக்காரர் இட்ட பெயர்கள் ஆகியன ஏட்டில் ஏறியதினும் வாய்மொழியில் வாழ்ந்தவையே மிகுதி. சொல்லியவர் மறைந்தால் சொல்லும் மறையும். பூவைப் பாடக் கவிஞர் பலர் உளர். தொழிற்சொல்லைக் காப்பாற்றவும் கவிஞரே வேண்டும். சொல்லின் அருமை அறிந்தோர் அவரே அல்லரோ?

பத்தாண்டு கண்ட இவ்வட்டத்திலும் மேடையேறாது பாய் விரித்தோர், அச்சுப்படி திருத்தியோர், அழைப்பு எழுதியோர் பலர். மலரில் தெரியும் நிறம் கவிஞருடையது. அதனை நிற்கச் செய்தோர் இவர்கள். அடுத்த பத்தாண்டில், முதிய சாயக்காரர் ஒருவரிடமேனும் அமர்ந்து அவர்தம் சொற்களை எழுதிக்கொள்வது இவ்வட்டத்தின் பணிகளுள் ஒன்றாகட்டும்.