சட்டம் ஏறி வந்த கப்பல்கள்

இந்த அவையில் பேராசிரியர்களும், வழக்கறிஞர் நண்பர்களும், சட்டம் படிக்கும் தம்பி தங்கைகளும் அமர்ந்திருக்கிறார்கள்; தோட்டத்துக் கோயில் நிர்வாகங்களிலிருந்து வந்த பெரியவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசி வரிசையை மனத்தில் வைத்துத்தான் இன்று பேசப்போகிறேன். முன்வரிசை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கருத்தரங்கை முதலில் ஞாயிற்றுக்கிழமை வைப்பதாக இருந்தது. கெடாவில் ஞாயிறு வேலை நாள், அன்று அலோர் ஸ்டார் உயர் நீதிமன்றத்தில் எனக்கே வழக்கு இருக்கிறது என்று சொன்ன பிறகு சனிக்கு மாற்றினார்கள். சுங்கை பட்டாணியிலிருந்து தெற்கே போய் மூடா ஆற்றைத் தாண்டினால் பினாங்கு மாநிலத்தில் அதே ஞாயிறு விடுமுறை. தைப்பூசமும் அப்படித்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அது மாநிலப் பொது விடுமுறை. இந்தப் பக்கம் மாநில அரசு அறிவித்தால் உண்டு. 2021இல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கோபத்தில் என் கட்சிக்காரர் ஒருவர், பிரதமருக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள் என்று வந்து நின்றார். ‘ஐயா, கோபம் சரி, முகவரிதான் தப்பு’ என்றேன். கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் மாநிலப் பட்டியல் என்று ஒன்று உண்டு. நிலம், இஸ்லாமியச் சட்டம், ஊராட்சி, மாநில விடுமுறைகள், கடைசியில் ஆமையும் ஆற்றுமீனும்கூட அதில் இருக்கின்றன. தைப்பூச மனு போக வேண்டிய இடம் மாநில அரசு இருக்கும் அலோர் ஸ்டார்.

நம் மக்கள் சட்டத்தை ஒரே பொருளாக நினைக்கிறார்கள். ‘சட்டத்தில் இடம் இருக்கிறதா?’ என்று ஒருமையில்தான் கேட்பார்கள். இந்த நாட்டுச் சட்டம் ஒரே கப்பலில் வந்து இறங்கவில்லை. எந்தச் சரக்கு எந்தத் துறைமுகத்தில் ஏறியது என்று தெரியாமல் வழக்காடப் போனால், நியாயம் நம் பக்கம் இருந்தும் தோற்றுத் திரும்புவோம்.

கல்கத்தாவிலிருந்து தொடங்குகிறேன். மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் வரைந்து, 1860இல் சட்டமான இந்தியத் தண்டனைச் சட்டம் நீரிணைக் குடியேற்றங்கள் வழியாக இங்கே வந்து சேர்ந்தது. நம் ஒப்பந்தச் சட்டமும் சாட்சியச் சட்டமும் 1950 என்று ஆண்டு போட்டுக்கொண்டிருந்தாலும், இரண்டும் 1872ஆம் ஆண்டு இந்தியச் சட்டங்களின் மறுபதிப்புதான். வயது வராதவர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்பதற்கு, 1903இல் வங்காளத்துக் கடன் வழக்கு ஒன்றில் பிரிவி கவுன்சில் சொன்ன தீர்ப்பை இன்றும் நம் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? ஏமாற்றுக்காரனை ‘நானூற்றிருபது’ என்று தமிழ்நாட்டில் திட்டுவது வழக்கம். 2024 ஜூலை 1ஆம் தேதி இந்தியா பழைய தண்டனைச் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதியதைக் கொண்டுவந்தது. அங்கே ஏமாற்றுக் குற்றம் 318ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. நம் தண்டனைச் சட்டத்தில் அது இன்றும் 420தான். தமிழ் வசவுக்குச் சட்ட ஆதாரம் உள்ள நாடு இப்போது மலேசியா.

இங்கிலாந்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1956ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தின் 3ஆவது பிரிவு, அந்த ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி இங்கிலாந்தில் நடப்பிலிருந்த பொதுச் சட்டத்தையும் நியாய நெறிகளையும் தீபகற்பத்துக்குப் பொருத்துகிறது. எழுதிய சட்டம் இல்லாத இடத்தில் மட்டும், உள்ளூர் நிலைமைக்கு ஒத்துவரும் அளவுக்கு மட்டும். இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம். இன்று வாசிக்கப்படும் கட்டுரைகளிலும் பாதி இதைப் பற்றியவைதான் என்று நிகழ்ச்சி நிரல் சொல்கிறது. எனக்கு அதில் கொஞ்சம் மனக்குறை உண்டு.

ஏனென்றால் தோட்டத்து மக்களின் வழக்கில் பெரும்பங்கு நிலத்தைப் பற்றியது. நிலச் சட்டம் கல்கத்தாவிலிருந்தும் வரவில்லை, லண்டனிலிருந்தும் வரவில்லை. அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ராபர்ட் டோரன்ஸ் என்பவர் 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் கொண்டுவந்த பதிவு முறை அது. கப்பலுக்கு உடைமைப் பதிவேடு இருப்பதுபோல நிலத்துக்கும் ஒரே பதிவேடு. அதில் யார் பெயரோ அவரே உரியவர். நம் தேசிய நிலச் சட்டம் 1965ஆம் ஆண்டினது, 1966 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 340ஆவது பிரிவு பதிவுக்கு அசைக்க முடியாத பலம் தருகிறது. அடுத்த பிரிவு, 341, தான் நம் தலையில் விழுந்த கல்.

சில ஆண்டுகளுக்கு முன் கூலிம் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கோயில் தலைவர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் பிஸ்கட் டின். அதற்குள் கும்பாபிஷேகப் படங்கள், திருவிழா நோட்டீசுகள், மின்சார ரசீதுகள், நன்கொடைப் புத்தகங்கள். தோட்டம் கைமாறிவிட்டது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வரப்போகிறது, கோயிலை எடுக்கச் சொல்லி நோட்டீஸ். எல்லாவற்றையும் மேசைமேல் ஒழுங்காகப் பரப்பிவிட்டு, ‘ஐயா, எங்க தாத்தா காலத்துலேர்ந்து கும்புடுறோம். அனுபவ பாத்தியம் இருக்குல்ல?’ என்று கேட்டார்.

அனுபவ பாத்தியம். எவ்வளவு பழைய, எவ்வளவு கனமான சொல்! தமிழ்நாட்டில் அதற்கு மதிப்புண்டு. இந்தியாவில் உரிமையாளர் பார்த்துக்கொண்டிருக்க, அவருக்கு எதிராகப் பன்னிரண்டு ஆண்டு வெளிப்படையாக ஒரு நிலத்தை அனுபவித்து வந்தால், உரியவர் வழக்குப் போடும் காலக்கெடு தீர்ந்துவிடும். நம் தாத்தாமார்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்போது அந்தச் சொல்லையும் மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். இறங்கிய நாட்டில் அது செல்லாக்காசு. எத்தனை காலம் அனுபவித்தாலும் பதிவு பெற்றவரின் உரிமை அழியாது என்று 341 சொல்கிறது. அரசு நிலமானாலும் அதே கதைதான், அதற்கு 48ஆவது பிரிவு. நூறு வருஷம் என்பது அந்தப் பதிவேட்டின் முன் ஒரு நாளுக்குச் சமம்.

அவருடைய டின்னை நான் தலைகீழாகக் கொட்டினேன். அடியில் நாலாக மடித்த தாள் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தோட்டத்தின் பழைய துரை தட்டச்சில் அடித்துக் கையெழுத்துப் போட்ட கடிதம்: கோயிலுக்கு இத்தனை அடிக்கு இத்தனை அடி இடம் கம்பெனி ஒதுக்குகிறது, தொழிலாளர்கள் தங்கள் செலவில் கட்டிக்கொள்ளலாம். தோட்ட எழுத்தரான கிராணியின் முத்திரையும் இருந்தது. கோயில் தலைவருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை; கும்பாபிஷேகப் படத்தைத்தான் பெரிதாக நினைத்தார். எனக்கு அந்தத் தாள் ஒன்றே போதும் என்றிருந்தது. உரிமையாளர் அனுமதி தந்து, அதை நம்பி ஒருவர் செலவு செய்து கட்டினால், கேட்க நியாய நெறியில் கொஞ்சம் வழி இருக்கிறது. அதாவது ஆஸ்திரேலியா மூடிய கதவை லண்டன் ஒரு விரற்கடை திறந்து வைக்கிறது. வழக்கு நீதிமன்றம் வரைக்கும் போகவில்லை. மாற்று இடம் கிடைத்தது. கடிதம் இல்லாத பக்கத்துத் தோட்டத்துக்குக் கிடைக்கவில்லை.

நிலத்தில் நமக்காக எழுதப்பட்ட பிரிவு ஒன்றும் உண்டு என்பதை இளைஞர்கள் மறக்கக் கூடாது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது தொழிலாளர் குடியிருந்த லயங்களோடு வாழ்க்கையும் சிதறியது. அந்தத் தோட்டத் துண்டாடலுக்குப் பதிலாகத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரின் சிறு பணத்தில் தோட்டங்களை வாங்கினார். கெடாவின் புக்கிட் சீடிம் அவற்றில் ஒன்று. சட்டத்தின் பதிலாகத் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு வந்தது. நாற்பது எக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை, தோட்ட நில வாரியத்தின் அனுமதியில்லாமல் கைமாற்றக் கூடாது என்பது அதன் சாரம். அந்த வாரியத்தின் முன் தொழிலாளர் சார்பில் எத்தனை பேர் போய் நின்றிருக்கிறோம்? இதைப் பற்றி ஒரு கட்டுரைகூட வரவில்லை.

இனி வழக்காறு. சட்ட மூலங்களைச் சொல்லும் புத்தகங்கள் மலாய் வழக்காறான அடாட்டைச் சொல்லும், சரவாக், சபா பூர்வகுடி வழக்குகளைச் சொல்லும். தமிழர் வழக்காறு ஒரே வரியில் போய்விடும். ஆனால் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 11ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். நெருங்கிய இரத்த உறவில் மணம் கூடாது என்று பட்டியல் போட்டுவிட்டு, இந்து ஒருவர் தம் வழக்கப்படி அக்காள் தங்கை மகளையோ, பெண் தன் தாய்மாமனையோ மணப்பதை இது தடுக்காது என்று விலக்குத் தருகிறது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்துக்குள் நம் தாய்மாமன் சீர்வரிசையோடு உட்கார்ந்திருக்கிறார்! அந்த முறை நல்லதா என்று மருத்துவர்கள் சொல்லட்டும். வழக்காறு சட்டமாவது எப்படி என்பதற்கு இதைவிடக் கிட்டத்து உதாரணம் எனக்குத் தெரியாது.

அதே சட்டம் வழக்காற்றிடமிருந்து ஒன்றைப் பிடுங்கியும் கொண்டது. 1982 மார்ச் 1ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது முதல், முஸ்லிம் அல்லாதவருக்கு ஒரு மனைவிதான். திருமணத்தைப் பதியவும் வேண்டும். தாலி மட்டும் போதாது. இந்த இரண்டாவது செய்தி லயத்து வாசலுக்கு வந்து சேரப் பல காலம் ஆயிற்று. புருஷன் இறந்து சேமநிதிப் பணம் கேட்கப் போன பெண்கள் திருமண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார்கள். பட்டுச்சேலை, மாலை, ஐயர், எல்லாம் இருக்கும். பதிவுச் சான்றிதழ் இருக்காது.

இவற்றையெல்லாம் ஒரே கூரையின்கீழ் வைத்திருப்பது 1957ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம். அதை வரைந்த ரீட் ஆணையத்தின் ஐந்து பேரில் ஒருவரான ஐவர் ஜென்னிங்ஸ், இலங்கையின் அரசமைப்பை வரைந்ததில் பெரும்பங்கு உள்ளவர். அலகாபாத் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர் ஒருவரும் ஒரு பாகிஸ்தான் நீதிபதியும் அந்த ஐவரில் உண்டு. 4ஆவது பிரிவு அரசமைப்பே தலையாய சட்டம் என்கிறது. கூட்டரசுச் சட்டமும் மாநிலச் சட்டமும் மோதினால் முன்னதே நிற்கும் என்கிறது 75. கெடாவுக்கு இது லேசான செய்தி இல்லை. 1650ஆம் ஆண்டுக் காலத்திலேயே எழுதப்பட்ட துறைமுகச் சட்டம் வைத்திருந்த அரசு இது. 1909இல் சயாமிடமிருந்து பிரிட்டிஷ் பாதுகாப்புக்குப் போனபோதும் கூட்டரசு மலாய் மாநிலங்களில் சேராமல், மலாய் மொழியிலேயே ஆட்சி நடத்திய அரசு. 1950இல் தனக்கென்று அரசமைப்பு எழுதிக்கொண்ட மாநிலம். இஸ்லாமியச் சட்டமும் ஷரியா நீதிமன்றமும் அதன் கையில்.

ஷரியா நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் சந்திக்கும் இடத்தில்தான் நம் குடும்பங்கள் அகப்பட்டுக்கொள்கின்றன. அரசமைப்பில் 1988இல் சேர்த்த 121(1ஏ) பிரிவு, ஷரியா நீதிமன்றத்துக்கு உட்பட்ட விஷயங்களில் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் ‘எங்களுக்கு அதிகாரமில்லை’ என்ற பதிலையே, கணவர் மதம் மாறிய மனைவிமார்கள் கேட்டார்கள். ஈப்போவைச் சேர்ந்த தாய் இந்திரா காந்தியின் வழக்கில், 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றம், பிள்ளைகளின் மதமாற்றத்துக்குப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும், நிர்வாகச் செயலை ஆராயும் உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்தை யாரும் பறிக்க முடியாது என்று சொன்னது. 2024 பிப்ரவரி 9 அன்று கிளந்தான் ஷரியா குற்றச் சட்டத்தின் பதினாறு பிரிவுகள் செல்லாது என்றும் தீர்ப்பு வந்தது. மதத்தைப் பற்றிய தீர்ப்பாகப் பலர் அதைப் படித்தார்கள். அது பட்டியலைப் பற்றிய தீர்ப்பு: கூட்டரசுப் பட்டியலில் உள்ளதை மாநிலம் இயற்றக் கூடாது.

சட்டம் கப்பலில் மட்டும் வந்தது என்று நான் சொன்னதாக யாரும் எழுதிவிட வேண்டாம். 1947இன் தொடக்கத்தில் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தின் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு முன் மறியலுக்கு நின்றது. டப்ளின் தோட்டம் வரை பரவிய அந்தப் போராட்டத்தில் போலீசோடு மோதல், உயிரிழப்பு, சிறை. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கமும், 1955இல் வேலைச் சட்டமும் அந்தக் காலத்துக் கொந்தளிப்பை அடுத்து வந்தவை. சம்பளப் பாக்கிக்கு வழக்கறிஞர் இல்லாமலே தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம் என்ற வழி அந்தச் சட்டத்தின் 69ஆவது பிரிவில் இருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு அதில் வருமானம் இல்லை. அதனால் அதிகம் விளம்பரமும் இல்லை.

இன்றைய அமர்வுகளைத் தொடங்கி வைக்குமுன் கடைசி வரிசையிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கோயில், பள்ளி, இளைஞர் மன்றம் எதுவானாலும், பெட்டியில் கிடக்கும் தாள்களை இந்த மாதமே எடுத்துப் பாருங்கள். துரையின் கடிதம், கிராணியின் குறிப்பு, நில அலுவலகத்திலிருந்து வந்த எதுவானாலும் சரி, ஈயம் பூசிய டின்னிலிருந்து வெளியே எடுத்துப் படம் பிடித்து, ஒரு பிரதியை வேறொருவர் வீட்டில் வையுங்கள். தோட்ட அலுவலகங்களை இடிக்கும்போது கோப்புகளும் லாரியில் போய்விடுகின்றன. மதியம் சாப்பாட்டு நேரத்தில் வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருப்பேன். கொண்டு வந்திருந்தால் காட்டுங்கள்.