வார்டை விட்டு வந்த பிறகு



டிஸ்சார்ஜ் ஆன நோயாளி ஒரு மாதத்துக்குள் மீண்டும் படுக்கைக்கு வருவது ஏன் என்று பேச இந்தக் கருத்தரங்கில் கூடியிருக்கிறோம். கட்டுரைகளுக்குள் போகுமுன், இந்த மறுவருகையை எங்கிருந்து எண்ணுவது என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய கூடலூர்க்காரருக்கு மறுபடி மூச்சுத் திணறினால் எங்கே போவார்? பெரும்பாலும் பக்கத்திலுள்ள கம்பம் அரசு மருத்துவமனைக்கு. சிலர் மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனைக்கு. ஏலத்தோட்டத்திலேயே தங்கி வேலை பார்ப்பவர் மலைக்கு அந்தப் பக்கம், கட்டப்பனைக்கு. போகும் இடத்திலெல்லாம் புது ஓ.பி. சீட்டு. முதல் மருத்துவமனையின் ஏட்டிலோ அவர் குணமாகிப் போனவர். ஆகவே ஒரு மருத்துவமனையின் பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு கம்பம் பள்ளத்தாக்கின் கணக்கைச் சொல்ல முடியாது. ஊரிலிருந்துதான் எண்ண வேண்டும்.

எண்ணுவது மருத்துவமனைகளைத் தண்டிப்பதற்காக அல்ல. அமெரிக்காவில் 2012 அக்டோபர் முதல், 30 நாளுக்குள் மறுவருகை மிகுந்த மருத்துவமனைகளுக்கு அரசுக் காப்பீட்டுத் தொகையில் வெட்டு விழுகிறது. ஏழைகள் அதிகம் வரும் மருத்துவமனைகளே கூடுதலாக அடிவாங்கின. 2019 நிதியாண்டில் கணக்கிடும் முறையையே திருத்த வேண்டி வந்தது. நமக்கு அந்தத் தண்டனை முறை வேண்டாம்.

மறுவருகையின் காரணம் பல நேரம் மருத்துவமனைக்கு வெளியே இருக்கிறது. இதயம் பலவீனப்பட்ட ஒரு பெண்ணுக்கு நீர் பிரியும் மாத்திரை தருகிறோம். கவர்மேல் 1-0-0, அதாவது காலையில் மட்டும் ஒன்று, என்று எழுதுகிறோம். அவரோ விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து, கம்பம்மெட்டு வழியே ஏலக்காட்டுக்குப் போகிறவர். மாத்திரை போட்டால் அடிக்கடி இறங்க வேண்டும். ஜீப் நிற்காது, காட்டில் ஒதுங்க இடமில்லை. வேலை நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறார். கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது. ‘ஒழுங்காக மருந்து சாப்பிடாதவர்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதுவது எளிது. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. ஓ.பி.க்கு வரச்சொன்ன நாளும் அப்படித்தான். காலை ஓ.பி. என்றால் அன்றைய கூலி போயிற்று.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. பெரிய சாதனை அது. டிஸ்சார்ஜ் ஆனவரின் பெயரும் மருந்துப் பட்டியலும் அன்றைக்கே இத்திட்டத்தின் அவ்வூர்ச் சுகாதாரத் தன்னார்வலரின் கைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போய்ச் சேர்ந்தால், இரண்டாம் வாரத்து வீக்கத்தை முதல் வாரத்திலேயே பிடித்துவிடலாம். புதிய கட்டடம் எதுவும் இதற்குத் தேவையில்லை.

கட்டுரையாளர்களுக்கு என் வேண்டுகோள்: உங்கள் கேள்விப் பட்டியலில் நோயின் பெயருக்குப் பக்கத்தில் ஊர், வேலை, ஜீப் புறப்படும் நேரம் மூன்றையும் சேருங்கள். தோட்டத் தொழிலாளர் வாழும் ஊர்களில் வாரம் ஒரு மாலையேனும் ஓ.பி. நடத்தும்படி அரசைக் கேட்கும் தீர்மானத்தை இந்தக் கருத்தரங்கம் நிறைவேற்றித் தர வேண்டும்.