ஒரு தலைநகர், இரண்டு நகரங்கள்

(கோலார் தங்கவயல் நந்திதுர்க்கில் நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மாரிக்குப்பத்திலிருந்து காலையில் புறப்படும் ரயிலில் தங்கவயலின் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் நாள்தோறும் பெங்களூரு செல்கின்றனர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், நந்திதுர்க் லைன் வீடுகள் பலவற்றில் அந்த நகரத்துக் கூலியால்தான் உலை கொதிக்கிறது. தலைநகரை நெருங்கும் ரயில் கண்டோன்மென்ட் நிலையத்தைக் கடந்து சிட்டி நிலையத்தை அடைகிறது. ஒரே நகருக்குள் ஏன் இந்த இரு பெயர்கள்? இக்கேள்விக்கான விடையில் தலைநகரின் வரலாறு மட்டுமல்ல, தங்கவயலின் வரலாறும் அடங்கியிருக்கிறது.

பிளவுண்ட தலைநகர் என்றதும் 1961 முதல் 1989 வரை சுவர் நின்ற பெர்லின் நினைவுக்கு வரும். சைப்ரஸ் தீவில் இன்றும் இரண்டாகக் கிடக்கும் நிகோசியா நினைவுக்கு வரும். பெங்களூரில் அத்தகைய சுவர் எழுப்பப்படவில்லை. இரு நகரங்களுக்கும் இடையே 1870இல் கப்பன் பூங்கா என்னும் அழகிய தோட்டம் அமைந்தது. ஆயினும் எல்லை எல்லைதான்.

1537இல் கெம்பே கவுடர் நிறுவிய பேட்டை, நெசவாளரும் வணிகரும் கைவினைஞரும் வாழ்ந்த கன்னட நாட்டின் சந்தை நகரம். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னர், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த ஆங்கிலப் படை 1809இல் பேட்டைக்குக் கிழக்கே குடியேறியது. அதுவே கண்டோன்மென்ட். படையோடு சென்னை மாகாணத்திலிருந்து தமிழ்ச் சிப்பாய்களும் சுமைதூக்குவோரும் சமையற்காரர்களும் துப்புரவுத் தொழிலாளர்களும் வந்தனர். 1862இல் இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனி நகராட்சிகள் அமைக்கப்பட்டன. 1881இல் மைசூர் ஆட்சி மீண்டும் மன்னர் குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டபோது, ஆங்கிலேயர் கண்டோன்மென்ட்டை மட்டும் விடவில்லை. பேட்டை மன்னரின் திவானுக்கும், கண்டோன்மென்ட் ஆங்கில ரெசிடெண்டுக்கும் உரியதாயிற்று. காவல்துறை வேறு, நிர்வாகம் வேறு. 1947 ஜூலை 26 அன்று, விடுதலைக்கு மூன்று வாரங்களுக்கு முன்புதான், அப்பகுதி மைசூருடன் சேர்ந்தது. 1949இல் இரண்டும் ஒரே மாநகராட்சியாயின.

இதே காலத்தில்தான் தங்கவயலும் உருவாயிற்று. 1880ஆம் ஆண்டு முதல் லண்டனின் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே தங்கம் எடுத்தது. வடஆற்காடு, சித்தூர் பகுதிகளின் நிலமற்ற மக்கள், பெரும்பாலும் தலித் மக்கள், சுரங்கத்தில் இறங்கினர். தங்கம் லண்டனுக்குச் சென்றது. மைசூர் அரசுக்கு ராயல்டி கிடைத்தது. தொழிலாளிக்கு மூங்கில் தட்டிக் குடிசை கிடைத்தது. 1902இல் சிவசமுத்திரத்தின் மின்சாரம் தங்கவயலை வந்தடைந்தது. தலைநகரான பெங்களூருக்கோ 1905இல்தான் கிடைத்தது. இதைப் பெருமையாகச் சொல்வதுண்டு. ஆனால், அம்மின்சாரம் சுரங்க இயந்திரத்துக்காக வந்தது. தொழிலாளியின் குடிசைக்காக வரவில்லை. பங்களாவும் கிளப்பும் ஒருபுறம், லைன்கள் மறுபுறம் என்று தங்கவயலும் பிளவுண்டே வளர்ந்தது.

தலைநகரின் பிளவு மக்கள் மனத்தில் மொழிப் பிளவாகவே பதிந்தது. சொந்த மண்ணின் தலைநகரில் பாதி, ஆங்கிலமும் தமிழும் உருதும் ஒலிக்கும் அயலிடமாக இருப்பதைக் கன்னட மக்கள் கண்டனர். அவர்களின் மனக்குறை நியாயமானது. அதை மறுப்பது தவறு. ஆனால் அக்குறைக்குக் காரணம் யார்? அல்சூரிலும் சிவாஜிநகரிலும் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளி கண்டோன்மென்ட்டை ஆளவில்லை. அதன் சாக்கடையைச் சுத்தம் செய்தான். கோட்டை வரைந்தவன் கப்பலேறிப் போனான். அந்தக் கோட்டின் பழி உழைப்பவன் தலையில் விழுந்தது. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையின் பெயரால் பெங்களூரில் தமிழர்மீது ஏவப்பட்ட வன்முறையில் அடிபட்டோர் பெரும்பாலும் ஏழை உழைப்பாளிகளே.

இந்தக் கோட்டை அழித்த நாட்களும் உண்டு. 1980 டிசம்பர் இறுதியில் தொடங்கி 77 நாட்கள் பெங்களூரின் பொதுத்துறைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல்., எச்.எம்.டி., தங்கவயலிலும் ஆலை கொண்ட பெமல் ஆகிய நிறுவனங்களின் தொழிலாளர்கள் மொழி பாராமல் ஒன்றாக நின்றனர். கோரிக்கைகள் நிறைவேறவில்லை; எனினும் கண்டோன்மென்ட், பேட்டை என்னும் பேதம் அந்த நாட்களில் பொருளிழந்தது.

2016ஆம் ஆண்டு ஒரே நகரம் இரு முகங்களைக் காட்டியது. ஏப்ரல் 18, 19 தேதிகளில், வருங்கால வைப்பு நிதியை எடுப்பதற்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டை எதிர்த்து ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், சாலைகளை நிறைத்தனர். ஒன்றிய அரசு பணிந்து ஆணையைத் திரும்பப் பெற்றது. ஐந்தே மாதங்களில், செப்டம்பரில், காவிரியின் பெயரால் அதே நகரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்தன. வர்க்க உணர்வு முன்னின்றபோது அரசு பின்வாங்கியது. மொழிவெறி முன்னின்றபோது தொழிலாளி தன் அடையாளத்தை மறைத்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டியிருந்தது.

2025 செப்டம்பரில் பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நிர்வாக வசதி என்கிறார்கள். தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் நிறைந்த பகுதியின் வரிப்பணம், அந்த வளாகங்களைக் கூட்டிப் பெருக்குவோர் வாழும் பகுதிக்குக் குடிநீராகவும் சாக்கடை வசதியாகவும் வந்து சேருமா என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி.

தங்கவயல் தோழர்களுக்கு இதில் தனிக் கடமை உண்டு. சங்கம் கட்டிப் பழகிய மண் இது. 1930இலேயே கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த பரம்பரை இது. ரயிலில் செல்லும் ஒவ்வொரு தோழரும் தாம் பணிபுரியும் இடத்தில் சங்கத்தில் சேர வேண்டும். கன்னடத்தைப் பேசினால் மட்டும் போதாது, படிக்கவும் எழுதவும் கற்க வேண்டும். சக தொழிலாளியின் மொழியை மதிப்பது நம் மொழியைத் தாழ்த்துவதாகாது. அதே வேளையில், தங்கவயலிலேயே வேலைவாய்ப்பு வேண்டும் என்னும் கோரிக்கையையும் கைவிடலாகாது.

கண்டோன்மென்ட்டில் இறங்குபவரும் சிட்டியில் இறங்குபவரும் மாலையில் ஒரே ரயிலில்தான் திரும்புகின்றனர். அந்த ரயில் பெட்டியிலிருந்தே நம் வேலை தொடங்கட்டும்.