அத்திப்பள்ளி தாண்டினா வேற போலீஸ். திருடனுக்கு ஏது எல்லை?

📌 ஓசூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



2021 ஜனவரி 22 ஞாபகம் இருக்கா? பட்டப்பகல்ல, நம்ம ஓசூர்ல, ஒரு நகைக்கடன் நிறுவனத்துக்குள்ள துப்பாக்கியோட ஒரு கும்பல் நுழைஞ்சுது. சுமார் 25 கிலோ தங்கம் போச்சு. எல்லாம் நம்ம வீட்டுப் பெண்கள் அடகு வெச்ச நகை.

மறுநாளே ஐதராபாத் பக்கத்துல பிடிச்சாங்க. எப்படி? நகைப் பையில் ஜிபிஎஸ் கருவி இருந்தது. மாநில எல்லை தாண்டி போலீஸ் ஒருவருக்கொருவர் பேசிக்கிட்டாங்க. கருவியும் ஒருங்கிணைப்பும் இருந்தால் நம்ம காவலர்களால் முடியும் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டுமா?

அப்போ கருவிக்குப் பணம் எங்கே? இருக்கு. போலீஸ் நவீனமயமாக்கல் திட்டம் 1969-லிருந்தே நடக்குது. நம்ம மாதிரி மாநிலங்களுக்கு ரூபாய்க்கு 60 பைசா மத்திய அரசு, 40 பைசா மாநில அரசு. 2021-22 முதல் 2025-26 வரை எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து இதற்கு ஒதுக்கியது ரூ.4,846 கோடி. எந்த ஊருக்கு என்ன வேணும்னு பட்டியல் போட்டு அனுப்ப வேண்டியது மாநிலம். ஒப்புதல் தர வேண்டியது டெல்லி. ஒருத்தரை ஒருத்தர் கை காட்டித் தப்பிக்க முடியாது.

நிர்பயா நிதியில் பாதுகாப்பான நகரம் திட்டத்துக்கு எட்டு நகரங்களைத் தேர்ந்தெடுத்தாங்க. அதில் சென்னை உண்டு, பெங்களூரு உண்டு. பெங்களூருக்கு 40 கிலோமீட்டர்ல இருக்கிற ஓசூர் இல்லை. ராத்திரி ஷிப்டு முடிஞ்சு விடுதிக்குத் திரும்புற பெண் தொழிலாளி ஜூஜூவாடிக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று பார்த்தா ஆபத்து வருது?

நாம கேட்பது மூணு.

✅ சிப்காட் சாலைகளிலும் எல்லைச் சோதனைச் சாவடிகளிலும் வண்டி நம்பரைப் படிக்கும் கேமரா. அது கர்நாடகக் கட்டுப்பாட்டு அறையோடும் பேசணும்.

✅ பயிற்சி. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசுற ஊர் இது. இப்போ இந்தி, ஒடியா பேசும் தொழிலாளிகளும் வந்திருக்காங்க. புகார் கொடுக்க வர்றவங்க பேசுறது ஸ்டேஷன்ல ஒருத்தருக்காவது புரியணும்.

✅ ஸ்டேஷனுக்குள்ளும் கேமரா. சாத்தான்குளத்தை நாம மறக்கலை. காவல் நிலையங்களில் கேமரா கட்டாயம் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தெருவைப் பார்க்கும் கண் ஸ்டேஷனையும் பார்க்கட்டும். நேர்மையான காவலருக்கும் அதுதான் பாதுகாப்பு.

கேமரா மாட்டி ரிப்பன் வெட்டினா வேலை முடிஞ்சுடாது. பழுதானா யார் சரி பண்ணுவாங்க, அதற்கு எவ்வளவு பணம், அதையும் சேர்த்தே கேளுங்க.

அடுத்த பட்டியல் போடும்போது அதில் ஓசூர் பெயர் இருக்கணும். உங்க தெருவில் விளக்கில்லாத இடம், கேமரா இல்லாத முனை எதுன்னு கமென்ட்ல எழுதுங்க. தொகுத்து மனுவாகக் கலெக்டரிடம் கொடுப்போம்.



#ஓசூர் #கிருஷ்ணகிரி