சினத்தில் எழுதும் கடிதம்



ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற என்னிடம், ஆலயத்திற்கு வரும் பழைய மாணவர்கள் மனம்விட்டுப் பேசுவதுண்டு. “மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் ஏசினார், சார். அங்கேயே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன்” என்று சிலர் பெருமையோடு சொல்வார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் கார்த் தவணை கட்ட வழியிருக்காது.

1990ஆம் ஆண்டில் சலோவே, மேயர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் உணர்வுசார் நுண்ணறிவு பற்றி எழுதினர். தன் உணர்வையும் பிறர் உணர்வையும் அறிந்து, அதற்கேற்பச் சிந்தித்துச் செயல்படும் திறனே அது. சினமே வரக்கூடாது என்பதல்ல. சினம் தணியுமுன் கடிதம் எழுதக்கூடாது. ஓர் இரவு பொறுங்கள். மறுநாள் மேலாளரைத் தனியே கண்டு, “தவற்றைத் திருத்திக்கொள்கிறேன்; ஆனால் பிறர் முன் ஏசியது மனத்தை வருத்தியது” என்று சொல்லிப் பாருங்கள். அப்போதும் சரிவராவிட்டால், வேறு வேலை தேடிக்கொண்டு விலகுங்கள்.

மலேசியாவில் 2018 ஜனவரி 1 முதல் சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் நடப்பில் உள்ளது. சந்தா செலுத்திய தொழிலாளி ஆட்குறைப்பில் வேலை இழந்தால், 60 நாட்களுக்குள் விண்ணப்பித்து, வேலை தேடும் காலத்திற்கு உதவித்தொகை பெறலாம். தாமாகவே விலகியவருக்குப் பொதுவாக அது கிடைக்காது.

ஆட்குறைப்பில் வேலை போனால் வெட்கப்பட்டு வீட்டில் முடங்காதீர்கள். பெற்றோர்களே, அந்நேரத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். சாப்பாடு போட்டு, சொக்சோ அலுவலகத்திற்கு நீங்களும் கூடப் போய் வாருங்கள்.